வெள்ளைப்படுதலும் அரிப்பும்: மெடிக்கலா, ஆரம்ப சுகாதார நிலையமா, லேபா, மதுரையா?

"அக்கா, அங்க ஒரே அரிப்பா இருக்கு, வெள்ளையும் படுது, எங்க போய்க் காட்டுறது?" ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் இந்தக் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாக. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஏதோ ஒரு டியூபை வாங்கிப் போட்டுப் பார்த்திருப்பார்கள், மற்றவர்கள் உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோருமாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள், எந்த வழிக்கு எவ்வளவு பிடிக்கும், எப்போது எது சரி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

அரிப்பும் வெள்ளையும் இருந்தாலே ஈஸ்ட் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. கேண்டிடா என்ற பூஞ்சையால் வருவது ஒரு வகை, இதைத்தான் ஈஸ்ட் என்கிறார்கள்: கெட்டியாக, தயிர் திரிந்தது போல வெள்ளை, பெரிதாக வாடை இருக்காது, அரிப்பும் சிவப்பும் எரிச்சலும் அதிகம். பாக்டீரியா பெருகி வருவது இன்னொரு வகை: தண்ணீராக, சாம்பல் நிறத்தில், கவிச்சி வாடையோடு, அரிப்பு குறைவு. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வந்தால் மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்தாற்போல் இருக்கும், அது உடலுறவு வழியாகப் பரவுவது, கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் போகும். இவை தவிர டெட்டால் ஊற்றிக் கழுவியதால் வந்த ஒவ்வாமை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி, தோல் நோய்கள் எல்லாமே அரிக்கும். புத்தகத்தில் இப்படித் தனித்தனியாக இருப்பது உடம்பில் அப்படி வருவதில்லை. இரண்டு சேர்ந்தும் வரும்.

2002-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. தனக்கு ஈஸ்ட் என்று தானே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தபோது, ஈஸ்ட் மட்டுமே இருந்தது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். ஐந்தில் ஒருவருக்குப் பக்கமாகப் பாக்டீரியாவால் வந்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. படித்தவர்கள், முன்பே ஈஸ்ட் வந்து பழகியவர்கள்கூட அதில் தப்பாகத்தான் கணித்திருந்தார்கள்.

ஆகவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இவை. அங்கே ஆள் நேரில் பார்ப்பாரா? மாதிரி எடுத்து அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா? திரும்பத் திரும்ப வந்தால் எந்த வகைக் கேண்டிடா என்று கல்ச்சர் வைத்து, அதாவது மாதிரியை லேபில் வளரவிட்டுப் பார்த்து, சொல்வார்களா? அப்புறம் பணம். பணம் என்றால் டாக்டர் ஃபீஸ் மட்டும் இல்லை, பஸ், கூட வருகிற ஆள், அன்றைக்கு விட்ட கூலி எல்லாம். கடைசியாக மறைவு. சின்ன ஊரில் மெடிக்கல் கடைக்காரர் மாமனாருக்குச் சேக்காளியாக இருப்பார், நர்ஸ் பக்கத்துத் தெருவாக இருப்பார். இதைச் சும்மா வெட்கம் என்று தள்ளிவிட முடியாது, பலர் மருத்துவரிடம் போகாமலே இருப்பதற்குக் காரணமே இதுதான்.

| வழி | நேரில் பார்ப்பது | மைக்ராஸ்கோப் | கல்ச்சர் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| மெடிக்கல் கடை | இல்லை | இல்லை | இல்லை | தப்பான மருந்து, கலைந்துபோன அறிகுறி |
| ஆரம்ப சுகாதார நிலையம் | உண்டு | சில இடங்களில் | இல்லை | எது வந்தது என்று பதிவு இருக்காது |
| தனியார் பெண் மருத்துவர் | உண்டு | கேட்டால் | லேபுக்கு அனுப்புவார் | ஃபீஸ், தேவையில்லாத டெஸ்ட் |
| நேராக லேப் | இல்லை | பெயரளவில் | உண்டு | ரிப்போர்ட்டைப் படிக்க ஆள் வேண்டும் |
| ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி | உண்டு | உண்டு | கேட்டுப் பாருங்கள் | ஒரு நாள் கூலி, வரிசை |
| மதுரை | உண்டு | உண்டு | உண்டு | பயணம், கூட ஆள், மறுபடி வரச் சொல்வது |
| போனில் டாக்டர் | இல்லை | இல்லை | இல்லை | முதல் தடவைக்கு ஆகாது |

## மெடிக்கல் கடை

இதுதான் மிகச் சுலபம், அதனால்தான் எல்லோரும் முதலில் போவது. கவுண்டரில் நடப்பதைக் கவனித்தால் தெரியும்.

"அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க."

"எங்க அரிப்பு?"

பின்னால் இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள். "தொடையில," என்கிறார் அந்தப் பெண். கடைக்காரர் படர்தாமரை என்று நினைத்துக்கொண்டு, ஸ்டீராய்டு கலந்த மூன்று மருந்துக் கலவைக் களிம்பை எடுத்து வைக்கிறார். அவர்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது, சொன்னதற்குத்தானே கொடுத்தார்.

அந்த டியூபில் உள்ள க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். பூஞ்சை சாகாது, அடியில் பரவும். பிறகு தோல் மருத்துவரிடம் போகும்போது புண்ணின் வடிவமே மாறியிருக்கும், பார்த்ததும் சொல்லக்கூடியதைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற நிலை வந்துவிடும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைகளில் அது எவ்வளவு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பூஞ்சைக்குச் சாப்பிடுகிற புளூகோனசோல் 150 மாத்திரையும் அப்படித்தான், ஒற்றை மாத்திரை, மலிவு, கேட்டால் கிடைத்துவிடும். ஆனால் கர்ப்பமாக இருந்தால் அதைத் தொடக் கூடாது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு அதிகமாகலாம். கவுண்டரில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கடை சரியாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. முன்பு ஒரு தடவை மருத்துவர் பார்த்து, டெஸ்டில் ஈஸ்ட் என்று உறுதியாகி, இப்போது அதே மாதிரியே வந்திருக்கிறது, கர்ப்பமில்லை, சர்க்கரை இல்லை, போன தடவை வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மட்டும் உள்ள, ஸ்டீராய்டு கலக்காத மருந்தைப் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அட்டையைத் திருப்பிப் பார்த்து, ஒரே மருந்துப் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் திரும்ப வந்தால் கடை வேண்டாம்.

## ஆரம்ப சுகாதார நிலையமும் பக்கத்து அரசு மருத்துவமனையும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி, இங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

வெள்ளைப்படுதல் என்று போனால், லேப் வசதி இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களை வைத்திருக்கிறது, பெண்ணுறுப்பில் வெள்ளைப்படுதலுக்கு உள்ளது பச்சைப் பொட்டலம். அதில் செக்னிடசோல் 2 கிராம், புளூகோனசோல் 150 மில்லிகிராம், இரண்டும் இருக்கும். முதலாவது பாக்டீரியாவுக்கும் ட்ரைக்கோமோனாஸுக்கும், இரண்டாவது ஈஸ்டுக்கும். எது என்று கண்டுபிடிக்கத் தேவையில்லாமல் மூன்றையும் ஒரே நாளில் அடிப்பதுதான் ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வர முடியாத பெண்ணுக்கு, ஒரே வருகையில் இலவசமாகக் குணமாகிறது. ஆனால் பச்சைப் பொட்டலத்தில் சரியானால், எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. ட்ரைக்கோமோனாஸாக இருந்து கணவருக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் மறுபடி வரும், ஈஸ்ட் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த தடவை களிம்புக்குப் போவோம். இரண்டாவது தடவையும் அதே பொட்டலம் நீட்டப்பட்டால், "போன தடவையும் இதேதான் சாப்பிட்டேன் சிஸ்டர், டெஸ்ட் எடுக்க எங்கே எழுதித் தருவீங்க?" என்று கேளுங்கள். எழுதித் தருவார்கள், கேட்டால்.

இங்கே கிடைக்கும் இன்னொரு லாபம் பலருக்குத் தெரியாது. அதே கட்டடத்தில் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கும், விரலில் குத்தி இலவசமாகச் சர்க்கரை பார்ப்பார்கள். ஈஸ்ட் திரும்பத் திரும்ப வருகிற பெண்ணுக்கு, தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே அங்கேதான் தெரிய வரலாம். வந்ததோடு அதையும் பார்த்துக்கொண்டு போங்கள். ஊருக்குள் ஓடும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துக்கும் செலவில்லை.

மறைவுதான் இங்கே பலவீனம். உள்ளூர் நர்ஸ் வேண்டாம் என்றால் ராமேஸ்வரம், கீழக்கரை அரசு மருத்துவமனைகளுக்குப் போகலாம், அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதே ஒரு மறைவு. "என்னம்மா செய்யுது?" என்று ஓபி சீட்டு எழுதும் இடத்தில் கேட்டால் "லேடி டாக்டரப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை உள்ளே சொல்லிக்கொள்ளலாம்.

## தனியார் பெண் மருத்துவர்

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரையில் இதற்குக் குறைவில்லை. நேரம் குறைவு, தனி அறை, பெண் மருத்துவர், இவ்வளவும் கிடைக்கும். ஆனால் ஃபீஸ் கொடுத்தாலும் எல்லா இடத்திலும் பரிசோதனை நடப்பதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே இரண்டு கேள்வி கேட்டு மாத்திரை எழுதுகிற மருத்துவரும் உண்டு, அது ஏசி போட்ட மெடிக்கல் கடைதான்.

நன்றாகப் பார்க்கிறவர் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் வித்தியாசம் புரியும். படுக்கவைத்து வெளிப்புறத்தைப் பார்ப்பார், பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுப்பார். அமிலத்தன்மை பார்க்கும் தாளில் தொட்டுப் பார்ப்பார்: ஈஸ்டாக இருந்தால் 4.5 அல்லது அதற்குக் கீழேயே நிற்கும், பாக்டீரியாவோ ட்ரைக்கோமோனாஸோ என்றால் பெரும்பாலும் மேலே ஏறும். ஒரு கண்ணாடித் தகட்டில் மாதிரியைத் தடவி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் தோல் செல்கள் கரைந்து போய், மொட்டு விட்ட ஈஸ்டும் அதன் நூல்களும் தனியாகத் தெரியும். இன்னொரு தகட்டில் உப்பு நீர் விட்டுப் பார்த்தால் ட்ரைக்கோமோனாஸ் உயிரோடு நெளிவது தெரியும், ஆனால் சற்று நேரத்திலேயே அது அசைவை நிறுத்திவிடும், ஆகவே எடுத்த இடத்திலேயே பார்த்தால்தான் உண்டு.

மைக்ராஸ்கோப்பில் ஈஸ்ட் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, ஈஸ்ட் இருக்கிறவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது தப்பிவிடும். அங்கேதான் கல்ச்சர் வருகிறது.

கல்யாணமாகாத பெண்ணைக் கூட்டிப்போக அம்மாக்கள் பயப்படுவது இங்கே ரொம்ப உண்டு. கருவி உள்ளே விடாமலே, பெண்ணுறுப்பின் வாய்ப்பகுதியிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியே ஈஸ்ட் பார்க்கப் போதும், அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்தாலும் போதும். மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்.

## நேராக லேபுக்குப் போனால்

டாக்டருக்கு ஏன் கொடுக்க வேண்டும், லேபிலேயே கல்ச்சர் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் அதிகமாகி வருகிறார்கள். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்கள்:

நம் பக்கத்துச் சின்ன லேபுகளில் நிறைய, மாதிரியை வாங்கி மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புகிற இடங்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் ட்ரைக்கோமோனாஸைப் பார்க்கிற வாய்ப்பே போய்விடும். "கல்ச்சர்" என்று மட்டும் சொன்னால் பாக்டீரியாவுக்கான கல்ச்சர் வைத்து "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வரும், பூஞ்சைக் கல்ச்சர் என்று கேட்க வேண்டும். வகையும் பெயரும் சொல்வார்களா என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் கேண்டிடா அல்பிகன்ஸ் பெரும்பாலும் புளூகோனசோலுக்கு அடங்கும், க்ளப்ராட்டா பல தடவை அடங்காது, க்ரூசி அந்த மருந்தைச் சட்டையே செய்யாது. கட்டணம் லேபுக்கு லேப் மாறும், போனிலேயே கேட்டுவிடுங்கள். வளர இரண்டு மூன்று நாள் ஆகும்.

இன்னொன்று: எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலேயே பத்தில் ஒருவர் இருவருக்குக் கேண்டிடா உடம்பில் இருக்கும். ரிப்போர்ட்டில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக மருந்து தேவையில்லை. சிறுநீர் டெஸ்டில் "ஈஸ்ட் செல்கள்" என்று வந்ததும் பயந்துபோகிறவர்களுக்கும் இதேதான், பெரும்பாலும் எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்ததாக இருக்கும். ரத்தத்தில் கேண்டிடா ஆன்டிபாடி பார்க்கிற பேக்கேஜ், காலையில் டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்க்கிற வீடியோ, இரண்டும் வெறும் காசும் பயமும்தான்.

## ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி

2022 ஜனவரியில் திறந்தது. மருத்துவக் கல்லூரி என்றால் மகப்பேறு, தோல், நுண்ணுயிரியல் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருக்கும், அதுதான் பலம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராதது, டெஸ்ட் தேவைப்படுவது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். கிளம்பிப் போய், ஓபி சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, லேபுக்கு நடந்து, திரும்பி வந்தால் பொழுது போய்விடும். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமி நீரோட்டத்தை விட்டு, கடலுக்கு இறங்காத நாளாகப் பார்த்துப் போனால் கூலி போகாது.

அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று. காலையில் இறங்கி மதியம் வரை நனைந்த துணியோடு நிற்கிற வேலையில் இடுப்பு, தொடை இடுக்குத் தோல் ஊறிப்போகும், துணி சுற்றிய விரல்களில் நகத்தைச் சுற்றி வீங்கிக்கொள்ளும், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். கேண்டிடா அங்கேயும் குடியேறும். அதற்கெல்லாம் தோல் ஓபி, சுரண்டி எடுத்துப் பார்க்கிற டெஸ்ட். பெண் மருத்துவர் ஓபியில் நின்று நேரத்தைப் போக்க வேண்டாம்.

## மதுரை எப்போது

ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை, அதற்கு மேல் வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் வகை, அதற்குச் சிகிச்சையே வேறு, மாதக்கணக்கில் வாரம் ஒரு மாத்திரை என்று போகும். க்ளப்ராட்டா மாதிரி வகை வந்திருந்தாலும், மருந்து எடுத்தும் அடங்காவிட்டாலும், எய்ட்ஸ் சிகிச்சையிலோ புற்றுநோய் மருந்திலோ இருந்தாலும் மதுரைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. முதல் தடவை அரிப்புக்கு நூறு கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே வருகிறது, அதனால் முன்பைப் போல மண்டபத்துக்குப் போய் ஏற வேண்டியதில்லை. ஆனால் ரிப்போர்ட் வாங்க இன்னொரு தடவை வரச் சொல்வார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லாமல் போனால் அங்கேயும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

## போனில் டாக்டர்

அரசின் இ-சஞ்சீவனி இலவசம். கையில் இருக்கிற ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கம் கேட்க, எங்கே போவது என்று தெரிந்துகொள்ள நல்லது. முதல் தடவை நோயைக் கண்டுபிடிக்க ஆகாது, அதற்குக் குச்சியும் கண்ணாடித் தகடும் வேண்டும்.

## போகிற நாளைக்கு முன்

எந்த வழியாக இருந்தாலும் நான் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான்: மாதிரி எடுக்கிற வரைக்கும் எதையும் போடாதீர்கள், சாப்பிடாதீர்கள். கையிலிருக்கிற புளூகோனசோலை முந்தின நாள் முழுங்கிவிட்டு வந்தால் எவ்வளவு பெரிய மருத்துவமனையிலும் ஈஸ்ட் டெஸ்டில் தெரியாமல் போய்விடலாம். உள்ளே வைக்கிற மாத்திரை, களிம்பு போட்டிருந்தால் ஒரு வாரம் விட்டுப் போங்கள், தாங்க முடியாத எரிச்சல் என்றால் உடனே போய் என்ன போட்டீர்கள் என்று சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். உள்ளே கழுவ வேண்டாம், ஒன்றிரண்டு நாள் உறவு வேண்டாம். காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தம் படுதல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே போக வேண்டும், கர்ப்பிணிகளும் தள்ளிப்போடக் கூடாது.

ஆண்கள் பற்றி இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆணுறுப்பின் முனைத் தோலில் சிவந்து, வெள்ளையாகப் படிந்து, அரித்தால் அதுவும் பெரும்பாலும் கேண்டிடாதான், தோல் ஓபியில் பார்ப்பார்கள். அதோடு சர்க்கரை பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, இந்தத் தொற்று கூடுதலாக வரும், அந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதால். மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.